ஒரு சாண் இறங்கிய கல்

கிள்ளான் பூங்காவில் இருந்த மட்டக்கல்லைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். கண்டுபிடித்தவள் அந்தப் பூங்காவில் மரவள்ளி போட்டிருந்த ஒரு பெண். நான் பிறகு வந்து, அவள் மஞ்சள் பூசி வைத்திருந்த கல்லைப் பார்த்து, ஏதோ என் அப்பன் வீட்டுச் சொத்து போலக் கத்தினேன். இதை எழுத உட்கார்ந்தபோதுகூடக் கை முதலில் அந்தப் பழைய பொய்யைத்தான் எழுதப் பார்த்தது. அடித்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறேன்.

போருக்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் நான் சர்வே வேலையில் கோல் பிடிப்பவனாக இருந்தேன். வெள்ளைக்காரத் துரை முக்காலியில் கருவியை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். தூரத்தில் நான் என் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளமான அளவுக்கோலை ஆடாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கோலில் உள்ள எண்ணைத் துரை படிப்பார், கிராணி என்கிற எழுத்தர் எழுதிக்கொள்வார். புத்தகத்தில் துரையின் பெயர் இருக்கும், கிராணியின் பெயர் இருக்கும், கல்லுக்குக்கூட ஒரு நம்பர் இருக்கும். வெயிலில் நின்றவன் பெயர் மட்டும் இருக்காது. இந்த வயிற்றெரிச்சலை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் விதை.

மட்டக்கல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கடலிலிருந்து இந்த இடம் இத்தனை அடி உயரம் என்று ஒருமுறை அளந்து, அங்கே ஒரு கருங்கல்லை நட்டு, அதன் தலையில் ஒரு அம்புக்குறியும் நம்பரும் வெட்டிவிடுவார்கள். பிறகு அந்த வட்டாரத்தில் கால்வாய் வெட்டினாலும் பாதை போட்டாலும் அந்தக் கல்லிலிருந்துதான் உயரம் எடுப்பார்கள். அசையாமல் இருப்பதுதான் அதன் வேலை. அசைந்த கல்லை எங்கள் ஆட்கள் செத்த கல் என்பார்கள். லேசாகச் சாய்ந்திருந்தாலும், மாடு இடித்திருந்தாலும், கோல் பிடிப்பவன் அதை முதலில் துரையிடம் சொல்லிவிட வேண்டும். துரை புத்தகத்தில் ஒரு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விடுவார். கல்லைக் கையால் தொடுகிறவன் கோல்காரன் ஒருவன்தான் என்பதால், அவன் வார்த்தையை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. எனக்கு அந்த வேலையில் இருந்த ஒரே மரியாதை அது.

ஜப்பான்காரன் வந்ததும் அந்த வேலை போயிற்று. என் மனைவி அதற்கு முந்தின வருஷம் பிரசவத்துக்காகக் கப்பலேறி ஊருக்குப் போனவள், போர் வந்து அங்கேயே தங்கிவிட்டாள். நான் பிரிக்பீல்ட்ஸில் தனியாக, விறகு பிளந்தும் மூட்டை தூக்கியும் இரண்டு வருஷத்தை ஓட்டினேன். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்று கேட்டால் ஒரு வாரம் வெளியே தலை காட்டமாட்டேன். நாற்பத்து நான்காம் வருஷம் நடுவில், கிள்ளானில் ஒரு ஜப்பான் எஞ்சினியர் பழைய சர்வே கற்களைத் தேடுகிறார் என்று செய்தி வந்தது. ரயில் பாதை ஓரத்துக் கிடங்குகளில் மழைத் தண்ணீர் நிற்கிறதாம்; பூங்கா வழியாக ஆற்றுக்கு ஒரு பெரிய லோங்காங், அதாவது வடிகால், வெட்ட வேண்டுமாம். வெள்ளைக்காரர்கள் ஓடும்போது வரைபடங்களை எரித்துவிட்டார்கள். கற்களின் நம்பரும் உயரமும் எழுதிய ஒரு தாள் மட்டும் மிஞ்சியிருந்தது. எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று அந்தத் தாள் சொல்லவில்லை.

நான் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போய், எஞ்சினியர் முன்னால் நின்று, பூங்காவில் ஒரு கல் இருக்கிறது, கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்த் தொடுவேன் என்றேன். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூல் சுற்றிக் கட்டியிருந்த சின்ன மனிதர் அவர். அரைகுறை மலாய் பேசுவார். அன்றே வேலையில் சேர்த்துக்கொண்டார். தங்குவதற்கு ஒரு மாமாக் கடையின், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின், பின்பக்க அறை கிடைத்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? பூங்காவுக்குள் நுழைந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. புல்வெளியைக் காணோம். பெரிய மழைமரங்களை விறகுக்கு வெட்டியிருந்தார்கள். பேண்டு வாசிக்கும் மேடையில் படிக்கட்டு மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் மரவள்ளி, ஆள் உயரத்துக்கு மேல். ஊர்க்காரர்களுக்குப் பாத்தி பிரித்துக் கொடுத்திருந்தார்கள், முப்பது குடும்பம் இருக்கும். மேடைப் படியிலிருந்து கல்லுக்கு இத்தனை தப்படி என்று எனக்கு நினைவிருந்த கணக்கை வைத்து நடந்தேன். தோண்டினேன். ஒன்றுமில்லை. மூன்று நாள் தோண்டினேன். எஞ்சினியர் தினம் மாலையில் வந்து ஒன்றும் கேட்காமல் பார்த்துவிட்டுப் போனார். அவர் போன பிறகும் இருட்டும் வரை தோண்டினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மரவள்ளித் தண்டுகளை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கலாம், எலும்பும் தோலுமாக இருந்தாள். பின்னாலேயே இரண்டு பெண் குழந்தைகள்.

"மூணு நாளா பாக்குறேன், தோண்டுறீங்க, மூடுறீங்க. என்னத்தண்ணே தேடுறீங்க?"

"ஒரு கல்லும்மா. உனக்குத் தெரியாது. கவர்மெண்டு கல்லு."

"கல்லுதானே? இருங்க. மொதல்ல இதச் சாப்பிடுங்க." ஒரு இலையில் இரண்டு துண்டு வேகவைத்த கிழங்கு வைத்து நீட்டினாள். நான் வெட்கமில்லாமல் வாங்கித் தின்றேன். தின்று முடித்ததும், "வாங்க, காட்டுறேன். செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்று சொல்லித் தன் பாத்திக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

தண்டுகளுக்கு நடுவில், முழங்கால் உயரத்துக்கு நாலு குச்சி நட்டு மேலே அத்தாப்பு ஓலை வேய்ந்திருந்தது. அதன் கீழே என் கல். தலையில் பச்சை மஞ்சளை அரைத்துப் பூசியிருந்தாள். குங்குமம் கிடைக்காத காலம், செங்கல்லை இழைத்த பொடியால் பொட்டு வைத்திருந்தாள். மஞ்சளுக்கு அடியில் அம்புக்குறி தெரிந்தது, விரலால் தடவினால் நம்பரும் தெரிந்தது. "இதுதான்! இதேதான்! என் கல்லு!" என்று கத்தினேன். குழந்தைகள் பயந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டன.

"இது சாமி இல்லம்மா. வெள்ளக்கார கவர்மெண்டு நட்ட கல்லு."

அவள் சிரித்தாள். "கவர்மெண்டே ஓடிப்போச்சு. கல்லு மட்டும் நிக்குது பாருங்க. அப்ப சாமிதான்."

அவள் கணவன் ரயில் பாதையில் வேலை பார்த்தவன், முந்தின வருஷம் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சேதி ஒன்றும் இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் அந்தப் பாத்திதான். ஏழு மாதப் பயிர், இன்னும் இரண்டு மாதத்தில் கிழங்கு முற்றிவிடும். அவசரத்துக்கு ஒன்றிரண்டு பிடுங்கிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். பாத்தியில் மண்வெட்டி கல்லில் பட்ட வாரத்தில்தான் சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதாம். அதனால் அதற்குத் தினம் ஒரு கை தண்ணீர் ஊற்றுகிறாள். பயிர் வீடு வந்து சேர்ந்ததும் பொங்கல் வைப்பதாக வேண்டுதல், அரிசி கிடைக்காவிட்டால் கிழங்கிலேயே. இதையெல்லாம் அவள் சொல்லி முடிக்கக்கூட நான் நிற்கவில்லை. எஞ்சினியரிடம் ஓடினேன். கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். அவர் முதல்முறையாகச் சிரித்து, என் தோளைத் தட்டினார். பன்னிரண்டு வருஷத்தில் எந்தத் துரையும் என்னைத் தொட்டதில்லை. அன்று மாலை மாமாக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் என் மூளையின் பெருமையை நானே விளக்கினேன்.

பொழுது சாய்வதற்குள் அவளிடம் திரும்பிப் போனேன். விடிந்ததும் கருவியோடு வருவார்கள், மஞ்சளைக் கழுவி வை என்று சொல்லத்தான். அவள் மறுக்கவில்லை. ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"பாவம், நான் பாத்தப்ப சாஞ்சு கெடந்துச்சுண்ணே. பக்கத்துல அந்தப் பெரிய மரத்த வெட்டி வேரோட பொரட்டியிருக்கானுங்க, அதுல இது ஒரு பக்கமா தூக்கிக்கிச்சு போல. சாமிய அப்படி விடலாமா? நான்தான் குழிய இன்னும் ஆழமா தோண்டி, நல்லா கீழ எறக்கி, நிமுத்தி நட்டேன். இப்ப யார் காலும் இடிக்காது."

"எவ்வளவு எறக்குன?"

கையை விரித்துக் காட்டினாள். "ஒரு சாண் இருக்கும்."

செத்த கல். என் கல் செத்த கல். அதுவும் ஒரு சாண். கிள்ளான் போலத் தட்டையான, கடல் தண்ணீர் ஆற்றில் ஏறி இறங்குகிற ஊரில், நாலு விரல் உயர வித்தியாசத்திலேயே லோங்காங் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது மாறிவிடும். இது எனக்கு அந்த நிமிடமே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல இடமே இல்லை.

மறுநாள் காலை எஞ்சினியர் வந்தார். கருவியை நிறுத்தினார். நான் கல்லின் மேல் கோலை வைத்தேன். அவர் கண்ணை வைப்பதற்கு முன்னால், நல்ல வேலைக்காரர் எவரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். இந்தக் கல் எப்போதாவது அசைந்திருக்கிறதா?

"பத்து இனி பெர்ணா கெராக்?"

"தாக் பெர்ணா, துவான்" என்றேன். ஒருபோதும் இல்லை, ஐயா.

இதைக் கேட்கிறவர்களிடம் நான் எப்போதும் பயத்தால் சொன்னேன் என்பேன். சயாமுக்கு அனுப்பிவிடுவான் என்று பயம், அந்தக் காலம் அப்படி என்பேன். பயம் என்றால் மனிதர்கள் மன்னித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எஞ்சினியர் அதற்கெல்லாம் அனுப்புகிறவர் இல்லை. இந்தக் கல் போய்விட்டது, இன்னொன்றைத் தேடுகிறேன் என்றிருந்தால் தலையாட்டியிருப்பார். முந்தின நாள் தட்டிய தோளில் இன்னும் அந்தக் கை இருப்பது போல எனக்கு ஒரு சுகம். அடுத்த கல் எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் தொடுவேன் என்று சொன்ன வாய் அல்லவா.

வேலை இரண்டு முனையிலிருந்தும் தொடங்கியது. பூங்கா முனையில் எங்கள் கல்லிலிருந்து உயரம் எடுத்து முளைக்குச்சி அடித்து வெட்டினோம். பாத்திகளின் ஓரமாகவே லோங்காங் போயிற்று, அவளுக்கு ஒரு வரிசைச் செடி போனது. கல்லை யாரும் தொடக்கூடாது என்று எஞ்சினியர் அதைச் சுற்றி மூங்கில் வேலி போட்டு, ஜப்பான் எழுத்தில் ஒரு பலகையும் மாட்டினார். அவளுக்கு ஒரே சந்தோஷம். "ஜப்பான்காரனே வேலி போட்டுட்டான் பாத்தீங்களா" என்று குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். நானும் சிரித்தேன்.

ஆற்று முனையில் வெட்டிய கூட்டத்துக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி, ஒரு தமிழர், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கால்வாய் வேலையிலேயே நரைத்தவர். ஆற்றோரத்தில் ஒரு பழைய மதகு இருந்தது. கடல் ஏறும்போது மூடுகிற பலகைக் கதவு, அதன் அடியில் கருங்கல் வாசல்படி. அவர் அந்தப் படியின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு, குறுக்குக்கட்டை வைத்த மூன்று குச்சிகளை நட்டுக் கண்ணால் பார்த்தே மேல்நோக்கி வெட்டிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது வாரம் இரண்டு பக்கமும் நடுவில் சந்தித்தன. சேரவில்லை. எங்கள் பக்கத்து அடிமண் அவர் பக்கத்தைவிடத் தாழ்வாக இருந்தது. அளந்தார்கள். சரியாக ஒரு சாண்.

மண்டோர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உன் கல்லு சரிதானா தம்பி?"

"பன்னெண்டு வருஷம் கோல் புடிச்சவன் நான். உங்க குச்சி சரியான்னு பாருங்க மண்டோர்" என்றேன். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

எஞ்சினியர் கருவியை மறுபடி நிறுத்திக் கல்லிலிருந்து பார்த்தார். எங்கள் பக்கம் தாளில் உள்ளபடியே இருந்தது, ஏன் இருக்காது? கருவிக்கும் குச்சிக்கும் தகராறு என்றால் கருவிதான் ஜெயிக்கும். மண்டோரை அழைத்து, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கன்னத்தில் இரண்டு அறை விட்டார். பிறகு ஆற்றுப் பக்கம் முழுவதையும் ஒரு சாண் ஆழப்படுத்தச் சொன்னார். மதகின் வாசல்படியையும் உடைக்க வேண்டும் என்றார்.

"படிய ஒடச்சா கதவுக்கு அடியில சந்து விழும்யா. கடல் தண்ணி உள்ள ஏறும்" என்று மண்டோர் தமிழிலேயே சொன்னார். மலாயில் சொல்லத் தெரிந்தவன் அவருக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன். சொல்லவில்லை. கடப்பாரையால் படியை உடைத்தார்கள். மறு வாரம் மண்டோரைக் காணவில்லை. காஜாங் பக்கம் ஏதோ தோட்டத்துக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். நான் அதை நம்பிக்கொண்டேன், நம்புவது வசதியாக இருந்தது.

பௌர்ணமி வந்தது. கடல் ஏறுகிற நாள். விடிகாலையில் பூங்காப் பக்கம் கூச்சல் கேட்டுப் போனேன். லோங்காங் நிரம்பி, தண்ணீர் எதிர்ப்பக்கமாக, ஆற்றிலிருந்து பூங்காவுக்குள் ஓடிவந்துகொண்டிருந்தது. சேறும் உப்புமான தண்ணீர், பாத்திகளில் கணுக்கால் அளவு நின்றது. கடல் இறங்கினால் கொஞ்சம் வடியும், பாதி வடிவதற்குள் மறுபடி ஏறும். ஒரு வாரம் இப்படி. மரவள்ளிக்குத் தண்ணீர் நின்றால் ஆகாது, உப்பென்றால் கேட்கவே வேண்டாம். இலைகள் பழுத்துத் தொங்கின. பிடுங்கிப் பார்த்தவர்களின் கையில் கிழங்கு கூழாகப் பிதுங்கியது. பூங்கா முழுக்கப் புளித்த நாற்றம். லோங்காங்கை ஒட்டி இருந்ததால் அவள் பாத்திதான் முதலில் போனது. இன்னும் ஒரு மாதத்தில் எடுக்க வேண்டிய கிழங்கு.

எஞ்சினியர் மதகுக்கு மண்மூட்டை அடுக்கச் சொல்லிவிட்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். யாரும் என்னைக் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்த காலத்தில் ஊரில் சோறே கிடையாது, இருந்தும் மறைந்துவிட்டது.

பாத்திக்காரர்கள் காரணம் தேடினார்கள். காரணம் இல்லாமல் யாரால் பட்டினி கிடக்க முடியும்? சாய்ந்து படுத்திருந்த சாமியை எழுப்பி நட்டால் சும்மா இருக்குமா என்று ஒருத்தி ஆரம்பித்தாள். இரண்டே நாளில் முப்பது குடும்பமும் அதைச் சொன்னது. அவள் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். ஒரு கிழவன் அவள் முகத்துக்கு நேராகவே துப்பினான்.

அப்போதுதான் அவள் என்னைத் தேடி வந்தாள். பாதி வடிந்த தண்ணீரில், மூங்கில் வேலிக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். வேலிக்குள் கல் பாதி முழுகி நின்றது.

"அண்ணே, நீங்க கல்லப் பத்தித் தெரிஞ்சவரு. உண்மையச் சொல்லுங்க. நான் அதத் தொட்டு எறக்கி நட்டதாலதான் தண்ணி வந்துச்சா?"

கல்லைப் பற்றித் தெரிந்தவர் என்று அவள் சொன்னபோது, அந்த நிலைமையிலும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

இல்லை தாயே, நீ ஒரு கல்லை நட்டாய், அவ்வளவுதான், என்னிடம் சொல்லவும் செய்தாய், கெடுத்தவன் நான் என்று சொல்லியிருக்கலாம். முப்பது குடும்பமும் என்னை அடித்திருப்பார்கள். அடி வாங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பியிருப்பேன், பெரிதாக என்ன போயிருக்கும்?

"அசைச்சிருக்கக் கூடாதும்மா" என்றேன். "அசைச்சதாலதான்."

அது உண்மை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவள் தலையாட்டினாள். தண்ணீரில் மண்டியிட்டு, வேலிக்கு வெளியிலிருந்தே கல்லைக் கும்பிட்டாள். பிறகு ஒவ்வொரு பாத்திக்காரர் வீட்டுக்கும் போய், என்னால்தான், மன்னித்துவிடுங்கள் என்று கும்பிட்டுவிட்டு வந்தாள் என்று கேள்விப்பட்டேன். பத்து நாள் ஒருவேளைச் சாப்பாடு என்று விரதம் வேறு இருந்தாளாம். இருந்ததே ஒருவேளைதான்.

போர் முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பியதும் எனக்குப் பழைய வேலை கிடைத்தது. ஒரு புதுத் துரையோடு கற்களைச் சரிபார்த்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்தோம். பூங்காவில் கோலை எடுக்காமலே, இது அசைந்த கல் துரை, என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புத்தகத்தில் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதினார். அடுத்த கல்லுக்குப் போனோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவளும் பிள்ளைகளும் அதற்கு வெகு முன்பே கிள்ளானை விட்டுப் போய்விட்டார்கள். சாலாக் செலாத்தானில் அவளுக்குச் சித்தி முறையில் யாரோ இருந்ததாகச் சொல்லியிருந்தாள். நான் திரும்பிவந்து தங்கிய பிரிக்பீல்ட்ஸிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. சயாமிலிருந்து அவள் கணவன் திரும்பினானா, சின்னவள் பிழைத்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது. தேடினேன், கிடைக்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் தேடவில்லை.

இதுவரை எழுதியது எதையும் எழுத எனக்குக் கஷ்டமாக இல்லை. பொய் சொன்னேன், மறைத்தேன், வாயை மூடிக்கொண்டேன். எத்தனையோ பேர் செய்வதுதான். அவள் கிள்ளானை விட்டுப் போவதற்கு முந்தின நாள் நடந்ததைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் மாமாக் கடையின் பின்பக்கம் வந்து நின்றாள். பிள்ளைகள் ரோட்டில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தன. முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கிழங்கை எடுத்தாள். பாத்தியின் மேட்டு ஓரத்தில் அழுகாமல் தப்பியவை, விரல் தடிமன்தான் இருக்கும்.

"இது உங்களுக்குண்ணே."

"எனக்கு எதுக்கும்மா? புள்ளைங்களுக்கு வச்சுக்க."

"அவங்களுக்கு ரெண்டு வச்சிருக்கேன். இது உங்களுக்குத்தான். எல்லாரும் பின்னாடி பேசுனாங்க. சில பேரு ஆறுதலுக்கு என்னென்னமோ சொன்னாங்க. நீங்க ஒருத்தருதான் மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொன்னீங்க. அதுக்கு நான் என்ன செய்யப்போறேன்?"

என் கையைப் பிடித்து அதில் வைத்துவிட்டுப் போனாள். நான் கூப்பிடவில்லை. அவர்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்க நேரம் இருந்தது, ஓடிப்போய்ச் சொல்லவும் நேரம் இருந்தது.

எனக்கு அன்று காலையிலிருந்து சாப்பாடு இல்லை. கடைக்காரரிடம் ஒரு சட்டி வாங்கி, கழுவி, தோலை உரித்து, வேகவைத்தேன். உப்பு இல்லை. சூடு ஆறுவதற்குள் இரண்டையும் தின்றுவிட்டேன். மாவாக, இனிப்பாக, நன்றாகவே இருந்தது.